அரே தான், ஆனால் ‘ஃபால்ஸ்’ வருகிறதே!

தம்பி, கல்முனைக் கடையின் பற்றுச்சீட்டுப் பக்கத்தில், ஐஃபிரேமுக்குள் (பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கம்) உருவான பொருட்பட்டியலை, அதாவது ஓர் அரேயை, நேரடியாக எடுத்து ஜாவாஸ்கிரிப்டில் ‘இன்ஸ்டன்ஸ்ஒஃப் அரே’ (இது அரே வகையா?) என்று சோதித்தால் ‘ஃபால்ஸ்’ (இல்லை) வருகிறது என்கிறீர்கள். உலாவியைத் திட்டாதீர்கள், எதில் திறந்தாலும் இதே கதைதான். ஒவ்வோர் ஐஃபிரேமுக்கும் தனியாக ஓர் அரே வகை உண்டு. உங்கள் பக்கத்தின் அரே வகைக்கு அது யாரோ எவரோ. கல்லடியில் இருந்துகொண்டு நானும் இதற்காக ஓர் இரவைத் தொலைத்திருக்கிறேன்.

ஒரு மதிப்பின் வகையைச் சொல்லும் டைப்ஒஃப் உதவாது. அரேக்கும் ‘ஒப்ஜெக்ட்’, ‘நல்’ என்ற வெறுமைக்கும் ‘ஒப்ஜெக்ட்’ என்றே சொல்லும். ‘அரே.இஸ்அரே’ போடுங்கள், 2009இல் வந்த எக்மாஸ்கிரிப்ட் (ஜாவாஸ்கிரிப்டின் தர வரையறை) ஐந்தாம் பதிப்பிலிருந்தே இருக்கிறது.

டைப்ஒஃப் சொல்லும் விடை உலாவிக்கு உலாவி உண்மையிலேயே மாறியது ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கு (எழுத்துகளில் ஒரு வடிவத்தைத் தேடும் குறிப்பு): பழைய குரோம் அதை ‘ஃபங்ஷன்’ என்றது, ஃபயர்ஃபொக்ஸ் ‘ஒப்ஜெக்ட்’ என்றது. அதற்கு ‘ஒப்ஜெக்ட்.புரோட்டோடைப்.டுஸ்ட்ரிங்.கோல்’ எழுதினால் ‘[ஒப்ஜெக்ட் ரெக்எக்ஸ்ப்]’ என்று வரும். கடையின் பழைய டெப்லெட்டிலும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.