மாடியில் பதினோரு பையன்கள்

கேள்வி: அக்கா, நான் தாராவியில் இட்லி வியாபாரம் செய்கிறேன். எங்கள் சந்தில் ஒரு மாடியில் பை தைக்கும் கார்கானா இருக்கிறது. தினமும் காலையில் அங்கே முப்பத்தைந்து இட்லி கொண்டுபோய்க் கொடுப்பேன். உள்ளே பதினோரு பையன்கள். பத்து, பன்னிரண்டு வயதுதான் இருக்கும். பீகார்ப் பிள்ளைகள் போலிருக்கிறது. அவர்கள் கீழே இறங்கி நான் பார்த்ததே இல்லை. யாரிடம் சொல்வது, போலீசிடமா, தொண்டு நிறுவனத்திடமா? இரண்டு வருடம் முன்பு பக்கத்துச் சந்திலிருந்து இப்படித்தான் பிள்ளைகளை மீட்டுக்கொண்டு போனார்கள். நாலே மாதத்தில் இரண்டு பேர் திரும்பி வந்துவிட்டார்கள். அப்புறம் சொல்லி என்ன பயன்?
— ஒரு வாசகி, தாராவி

பதில்: 1098. இன்றைக்கே கூப்பிடுங்கள். இதைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். குழந்தைகளுக்கான இந்த உதவி எண் 1996-ல் நம் மும்பையில்தான் தொடங்கியது. முன்பு தொண்டு நிறுவனங்கள் எடுத்துப் பேசின. இப்போது அரசே நடத்துகிறது. உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை.

எந்தச் சந்து, எத்தனையாவது மாடி, ஏணி எந்தப் பக்கம், பின்னால் இன்னொரு வழி உண்டா, எத்தனை மணிக்கு எல்லோரும் உள்ளே இருப்பார்கள், இதையெல்லாம் சொல்லுங்கள். உங்கள் இட்லிக் கணக்கையும் சொல்லுங்கள். தினமும் அந்த அறைக்குள் போய்வரும் வெளி ஆள் நீங்கள் ஒருவர்தான். ஆனால் சேட்டிடம் ஒரு வார்த்தை பேசாதீர்கள், பையன்களிடமும் விசாரிக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். கோவண்டியில் ஒருமுறை ஒரு நல்ல மனிதர் ஆதங்கத்தில் முதலாளியிடமே நியாயம் கேட்டுவிட்டார். மறுநாள் நாங்கள் மீட்கப் போனபோது தரையில் நூல் துண்டுகள் மட்டும் கிடந்தன.

போலீசா, தொண்டு நிறுவனமா என்று கேட்டீர்கள். பதினேழு வருடமாக ஒரு தொண்டு நிறுவனத்தில் இந்த மீட்பு வேலையில் இருக்கிறேன். இரண்டு பேரும் வேண்டும், கூடவே தொழிலாளர் துறை அதிகாரியும் வேண்டும். எங்களால் பூட்டிய கதவைத் திறக்கச் சொல்ல முடியாது, வழக்குப் பதிவு செய்ய முடியாது. போலீசால் அது முடியும். ஆனால் மைதிலி மொழி மட்டுமே தெரிந்த ஒரு பையன் பக்கத்தில் இரவெல்லாம் உட்கார்ந்து, அவன் வாயைத் திறக்கும் வரை பொறுத்திருக்க அவர்களுக்கு நேரம் ஏது? மீட்ட பிள்ளைகளை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் உள்ள அந்தக் குழுவுக்கு மாஜிஸ்திரேட் அதிகாரம் உண்டு. பிள்ளைகள் எங்கே தங்குவது, எப்போது ஊருக்குப் போவது என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள்.

அங்கே முதல் சண்டையே வயதில்தான். 'பதினெட்டு' என்று சொல்லும்படி பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வைத்திருப்பார்கள். சட்டப்படி முதலில் பள்ளிச் சான்றிதழ், அது இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. அதனால் அன்றைக்கே பீகாரில் எங்களுக்குத் தெரிந்த ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் போன் போடுவோம். அவர்கள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்க்கைப் பதிவேட்டுப் பக்கத்தைத் தேடி எடுத்து அனுப்புவார்கள். மும்பையில் வழக்கு நிற்பதும் விழுவதும் பல நேரம் அந்த ஒரு பக்கத்தில்தான்.

சரி, ஏன் திரும்பி வந்தார்கள்? உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத கேள்வி அதுதான். பெரும்பாலும் அந்தப் பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ ஏஜென்டிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். முன்பணத்துக்காகப் பிடித்து வைத்து வேலை வாங்கினால் அது 1976 சட்டப்படி கொத்தடிமை முறை. கலெக்டரோ சப்-கலெக்டரோ விடுவிப்புச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கொத்தடிமை என்று உறுதியானால் அந்தக் கடன் செல்லாது. உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரையும், பிறகு குழந்தைகளுக்கு 2 லட்சம் ரூபாய் வரையும் மறுவாழ்வுப் பணம் கிடைக்க வழியுண்டு. அந்தத் தாள் இல்லாமல் ரயில் ஏற்றிவிட்டால், பையன் வீடு போய்ச் சேருவதற்குள் ஏஜென்ட் திண்ணையில் உட்கார்ந்திருப்பான்.

ஆறு பையன்களுக்காக இந்தச் சான்றிதழ் கேட்டு எட்டு மாதம் கலெக்டர் அலுவலகத்துக்கு நடந்திருக்கிறேன். அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொரு மேசையிலும் இது அடுத்த மேசை வேலை என்று நினைத்தார்கள். தாள் கைக்கு வந்தபோது ஒருவன் வேறு ஊருக்கு வேலைக்குப் போயிருந்தான். அவன் முகம் இன்றும் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு, மீட்கப் போகும் அன்றைக்கே வருவாய்த் துறை அதிகாரியும் கூட வர வேண்டும் என்று கேட்டு வாங்குகிறோம். யார் கையில் எவ்வளவு முன்பணம் கொடுத்தார்கள் என்பதை அன்று சாயங்காலமே, பையனின் சொந்த மொழியில் கேட்டு வாக்குமூலத்தில் எழுத வைக்கிறோம். நீங்கள் போனில் பேசும்போதும் 'முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்திருக்கலாம், விசாரியுங்கள்' என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிற்சாலைப் பிள்ளைகள் வழக்கில். நம் தமிழ்ப் பிள்ளைகளுக்காக வந்த தீர்ப்பு இந்தப் பதினோரு பேருக்கும் பொருந்தும்.

கேள்வி: நாகர்கோவில் ரயிலில் மும்பை வரும்போது ஒரு ஆள் ஐந்து சிறு பெண்களைக் கூட்டி வந்தான். அவர்களுக்கு அவன் பெயர்கூடத் தெரியவில்லை. நான் சும்மா இருந்துவிட்டேன். என்ன செய்திருக்க வேண்டும்?
— ஒரு வாசகர், சயான் கோலிவாடா

பதில்: ரயிலிலிருந்தே 139-ஐக் கூப்பிட்டு, ரயில் எண், பெட்டி எண், இருக்கை எண், அடுத்து நிற்கும் ஸ்டேஷன் நாலையும் சொல்லுங்கள். ரயில்வே பாதுகாப்புப் படையில் ஆள்கடத்தலைத் தடுக்கத் தனிக் குழுக்கள் இருக்கின்றன. அதற்காகவே 2022-ல் ஒரு தொண்டு நிறுவனத்தோடு ஒப்பந்தமும் போட்டிருக்கிறார்கள். தப்பாக நினைத்துவிட்டோமோ என்று தயங்க வேண்டாம். பிள்ளைகளிடம் தனியாகப் பேசி, வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்பார்கள். அவர் உண்மையிலேயே சித்தப்பாவாக இருந்தால் பயணத்தைத் தொடரப் போகிறார்.