ஒரே ரிமோட்டில் டிகோடரும் டிவியும்: சந்தையில் வாங்கியது ஏன் வேலை செய்யவில்லை?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் என் அம்மா தனியாக இருக்கிறார், வயது 76. டிஎஸ்டிவி டிகோடருக்கு (செயற்கைக்கோள் சேனல்களை டிவிக்குத் தரும் பெட்டி) ஒரு ரிமோட், டிவிக்கு ஒரு ரிமோட். சன் டிவியில் தொடர் ஓடும்போது சத்தத்தைக் குறைக்கப் போய் எதையாவது அழுத்திவிடுவார், படம் காணாமல் போகும், உடனே எனக்கு போன் வரும். டிகோடர் ரிமோட்டிலேயே டிவியையும் இயக்கலாம் என்றார்கள். பழைய ரிமோட் தேய்ந்துவிட்டதால் சந்தைக் கடையில் 180 ரேண்டுக்குப் புதிதாக ஒன்று வாங்கினேன். டிகோடர் கேட்கிறது, டிவி அசையவே இல்லை. கடைக்காரரிடம் போனால் 'விற்றது விற்றதுதான்' என்று போர்டைக் காட்டுகிறார். ரிமோட் பழுதா, நான் செய்ததுதான் தப்பா?

பதில்: டிகோடர் கேட்கிறது என்றால் பேட்டரியும் ரிமோட் முனையில் உள்ள விளக்கும் நன்றாகவே இருக்கின்றன. அவற்றை விட்டுவிடுங்கள்.

டிகோடர் ரிமோட் உங்கள் டிவியோடு 'இணைவது' கிடையாது. டிவியின் சொந்த ரிமோட்டைப் போல நடிக்கிறது, அவ்வளவுதான். ரிமோட் அனுப்புவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. அது நொடிக்குப் பல்லாயிரம் முறை துடிக்கும். சோனி டிவி 40 கிலோஹெர்ட்ஸில் எதிர்பார்க்கும், பிலிப்ஸின் பழைய முறை 36, வேறு பல கம்பெனிகள் 38. துடிப்பு ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு கம்பெனியும் பேசும் 'மொழி' வேறு. அதனால்தான் ரிமோட்டுக்குள் பிராண்டு வாரியாகக் 'கோடு'கள் (code, அதாவது குறியீட்டு எண்கள்) அடங்கிய பட்டியல் ஒன்று இருக்கும். நீங்கள் செய்யும் செட்டிங் என்பது, அந்தப் பட்டியலில் எதைப் பேச வேண்டும் என்று ரிமோட்டுக்குச் சொல்வதுதான்.

பட்டியலில் ஒரே பிராண்டுக்குப் பல கோடுகள் இருக்கும். முதல் கோடு வேலை செய்யவில்லை என்று பாதியில் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கோடு தெரியாவிட்டால் தானாகத் தேடும் வசதி சில ரிமோட்டுகளில் உண்டு. டிவியை ஆன் செய்துவிட்டு, அது அணையும்வரை பொத்தானை நிதானமாக ஒவ்வொரு தடவையாக அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் சரியான கோட்டைத் தாண்டிப் போய்விடுவீர்கள். அணைந்ததும் குஷியாகிவிடாதீர்கள். ஆன், ஆஃப் மட்டும் ஒத்துப்போய் ஒலி ஒத்துப்போகாத கோடுகள் உண்டு. அம்மாவுக்கு வேண்டியது ஒலிதானே? ஒலி, மியூட், ஏவி (படம் எந்தக் கருவியிலிருந்து வர வேண்டும் என்று மாற்றும் பொத்தான்) மூன்றையும் சோதித்த பிறகே கோட்டைச் சேமியுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் அசையவில்லையா? போனின் செல்ஃபி கேமராவைத் திறந்து ரிமோட் முனையை அதற்குக் காட்டி ஒலிப் பொத்தானை அழுத்துங்கள். (பின்பக்கக் கேமரா இந்த ஒளியை வடிகட்டிவிடலாம்.) வெளிர் ஊதாவாக மின்னினால் ரிமோட் ஏதோ பேசுகிறது, கோடுதான் தப்பு. சேனல் பொத்தானுக்கு மின்னி, ஒலிப் பொத்தானுக்கு மட்டும் இருட்டாக இருந்தால், அந்த நகல் ரிமோட்டில் டிவி பகுதியே இல்லாமல் இருக்கலாம். பொத்தான்களை மட்டும் அச்சாக வைத்து, உள்ளே டிகோடர் கோடுகளை மட்டும் போட்டு விற்கும் மலிவு ரகங்கள் உண்டு. அம்மாவின் டிவி அதிகம் கேள்விப்படாத பிராண்டு என்றால், 'கற்றுக்கொள்ளும்' ரிமோட் வாங்குங்கள். பழைய டிவி ரிமோட்டையும் அதையும் சில சென்டிமீட்டர் இடைவெளியில் எதிரெதிரே வைத்து, ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லிக்கொடுக்கலாம்.

சரி, அந்த போர்டு விஷயம். அதற்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவில் 2011 முதல் நடைமுறையில் இருக்கும் 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை வாங்கிய ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்பதை முடிவு செய்வது நீங்கள், கடைக்காரர் அல்ல. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'டிவியையும் இயக்கத்தான் வாங்குகிறேன்' என்று சொல்லி வாங்கியிருந்தால், அந்த வேலைக்குப் பொருத்தமான பொருளை எதிர்பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு (பிரிவு 55). வாயைத் திறக்காமல் டிகோடர் ரிமோட் என்று மட்டும் கேட்டு வாங்கியிருந்தால் வாதம் பலவீனம்தான். ரசீது கேளுங்கள், தருவது கடைக்காரரின் கடமை. மசியாவிட்டால் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு, அப்புறம் நுகர்பொருள், சேவைத் துறைக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வாடிக்கையாளரிடம் அங்கே கட்டணம் வாங்குவதில்லை.

டிவி ரிமோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படத்தின் நிறம், மெனு போன்றவற்றுக்கு அது வேண்டும். அம்மாவின் கைக்கு எட்டாத டிராயரில் வையுங்கள்.

கேள்வி: பேட்டரி மாற்றினாலே எங்கள் டிகோடர் ரிமோட் டிவியை மறந்துவிடுகிறது. என்ன செய்ய? (டர்பனின் ஃபீனிக்ஸிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பேட்டரியை எடுத்த சற்று நேரத்தில் நினைவு போய்விடும் ரகம் உங்களுடையது. புது பேட்டரிகளைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு சட்டென்று மாற்றுங்கள், இடையில் எந்தப் பொத்தானும் அழுந்தக் கூடாது. வேலை செய்யும் கோட்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி பேட்டரி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.