பயண ட்ரெயிலருக்கு எந்த வாட்டர் ஹீட்டர்?

கேள்வி: நாங்கள் ஸ்காபரோவில் வசிக்கும் நால்வர் கொண்ட குடும்பம், இரண்டு பிள்ளைகளும் சிறியவர்கள். கடந்த ஆண்டு 24 அடி நீளமுள்ள பழைய ட்ரெயிலர் ஒன்றை வாங்கினோம். மே மாதக் கடைசி முதல் ஒக்டோபர் நன்றியறிதல் விடுமுறை வரை ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் தங்கி வருகிறோம். அதிலுள்ள 6 கேலன் வாட்டர் ஹீட்டர் கசியத் தொடங்கியுள்ளது. தாங்கியே இல்லாத, முடிவின்றிச் சுடுநீர் தரும் வகைக்கு மாறும்படி கடைக்காரர் சொல்கிறார். 10 கேலன் ஹீட்டர் வாங்கும்படி நண்பர் ஒருவர் சொல்கிறார். எதை வாங்குவது?

பதில்: இப்போது இருக்கும் அதே 6 கேலன் அளவில், எரிவாயு, மின்சாரம் ஆகிய இரண்டிலும் இயங்கும் ஹீட்டரை வாங்குங்கள் என்பதே என் பரிந்துரை. ஆனால் பணம் கொடுப்பதற்கு முன், கசிவு எங்கிருந்து வருகிறது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். தண்ணீர் சூடேறும்போது விரிவடைவதால், ஹீட்டரின் வெளிக்கதவைத் திறந்தால் தெரியும் பாதுகாப்பு வால்விலிருந்து சில துளிகள் சொட்டுவது இயல்பானது. தாங்கியின் மேற்பகுதியில் இருக்க வேண்டிய காற்றிடைவெளி குறைந்துவிட்டால் அந்தச் சொட்டு அதிகமாகும். ஹீட்டரை அணைத்து, தண்ணீர் முற்றாக ஆறிய பிறகு, பம்பையும் வெளியிலிருந்து வரும் நீரையும் நிறுத்தி, ஒரு சுடுநீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு, வால்வின் பிடியை உயர்த்தி நீர் வடிவது நிற்கும்வரை விட்டு மூடினால் காற்றிடைவெளி மீண்டும் உருவாகிவிடும். வடிகால் அடைப்பானின் மரையிலிருந்து கசிந்தால், மரையில் புதிய டேப் சுற்றுவதே போதுமானதாக இருக்கலாம். இவை இரண்டும் இல்லாமல், தாங்கியைச் சுற்றியுள்ள காப்புறை நனைந்து, துருநீர் அடியில் வழிகிறது என்றால் மட்டுமே தாங்கி ஓட்டை விழுந்ததாகக் கொள்ள வேண்டும். ஓட்டை விழுந்த தாங்கியை ஒட்டுப்போட்டுப் பயன்படுத்த முயல வேண்டாம்.

இனி, கடைக்காரரின் யோசனைக்கு வருகிறேன். முடிவில்லாத சுடுநீர் என்ற வாக்குறுதி பயன்பட வேண்டுமானால், முடிவில்லாத தண்ணீரும், அது வடிந்து போக முடிவில்லாத இடமும் இருக்க வேண்டும். நீங்கள் செல்லும் மாகாணப் பூங்காக்களின் கூடார மனைகளில் பொதுவாக மின்சார இணைப்பு மட்டுமே கிடைக்கும். குழாய்நீர் இணைப்போ கழிவுநீர் இணைப்போ இருக்காது. உள்ளே வரும்போது தண்ணீரை நிரப்பிக்கொண்டு, திரும்பும்போது கழிவை அதற்குரிய நிலையத்தில் இறக்கிவிட்டுப் போக வேண்டும். குளித்த நீரைத் தரையில் விடுவதற்கு அனுமதியில்லை. உங்களுடைய அளவிலான ட்ரெயிலர்களில் நன்னீர்த் தாங்கி 150 லிட்டர் அளவிலும், குளியல் நீர் சேரும் தாங்கி 115 லிட்டர் அளவிலும் இருப்பது வழக்கம். உங்கள் ட்ரெயிலரின் சரியான அளவுகளைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் ஹீட்டரைத் தெரிவு செய்வதற்கு அந்த இரண்டு எண்களே அடிப்படை.

ட்ரெயிலர்களில் பொருத்தப்படும் சிக்கனமான ஷவரில் நிமிடத்துக்கு 5.7 லிட்டர் அளவில் நீர் வரும். ஒருவர் உடலை நனைத்து, நீரை நிறுத்திச் சோப்புப் போட்டு, மீண்டும் திறந்து கழுவுவதற்கு மொத்தம் மூன்று நிமிடம் நீர் ஓடினால் 17 லிட்டர் செலவாகும். நால்வருக்கு 68 லிட்டர். 6 கேலன் என்பது ஏறத்தாழ 23 லிட்டர்தான் என்றாலும், அந்த நீர் 60 பாகையில் இருப்பதால் அப்படியே யாரும் குளிப்பதில்லை. 10 பாகைக் குளிர்நீருடன் கலந்து 40 பாகைக்குக் கொண்டுவரும்போது அது 38 லிட்டர் ஆகிறது. சுடுநீர் வெளியேறும்போதே குளிர்நீர் உள்ளே புகுந்து கலப்பதால் நடைமுறையில் 30 லிட்டருக்குச் சற்று மேல் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது முதலில் இருவர் குளிக்கலாம். அரை மணி கழித்து மற்ற இருவர் குளிக்கலாம். இப்படி நால்வரும் ஒரு முறை குளித்து முடிக்கும்போதே கழிவுத் தாங்கியில் பாதிக்கு மேல் நிரம்பியிருக்கும். பாத்திரம் கழுவிய நீரும் அதே தாங்கிக்குப் போகுமானால் இரண்டாம் நாள் மாலைக்குள் அது நிறைந்துவிடும். ஆக, உங்கள் பயணத்தில் முதலில் தீர்ந்துபோவது வெப்பம் அன்று. சுடுநீரைப் பெருக்கிக் கொடுக்கும் கருவிக்குக் கூடுதலாகச் செலவிடுவதால் உங்களுடைய உண்மையான தட்டுப்பாடு தீராது.

10 கேலன் ஹீட்டருக்கும் இந்த வாதம் பெரும்பாலும் பொருந்தும். நிறைந்திருக்கும்போது அதன் நீர் மட்டுமே 38 கிலோ எடை. 6 கேலன் ஹீட்டருக்குச் சுவரில் ஏறத்தாழ 12½ அங்குலச் சதுரத் திறப்பு போதும், 10 கேலனுக்கு 16 அங்குலத்துக்கு மேல் வேண்டும். பழைய ட்ரெயிலரின் சுவரை வெட்டி, சட்டத்தை மாற்றி, மீண்டும் மழைநீர் புகாதபடி அடைப்பது எளிய வேலை அன்று. அங்கே ஒழுகினால் ஹீட்டரின் விலையைவிடப் பெரிய சேதம் சுவருக்கு வரும்.

தாங்கி இல்லாத வகையில் இன்னொரு சிக்கல் உண்டு. அது தண்ணீரைச் சேமித்து வைக்காமல், குழாய் வழியே ஓடும்போதே சூடாக்குவதால், உள்ளே வரும் நீர் எவ்வளவு குளிராக இருக்கிறதோ அவ்வளவு திணறும். ஜிரார்ட் போன்ற பெயர்களில் பரவலாக விற்கப்படும் மணிக்கு 42,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) திறனுள்ள கருவியை எடுத்துக்கொள்வோம். எரிவாயுவின் வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரில் சேர்வதாகக் கொண்டால், நிமிடத்துக்கு 5.7 லிட்டர் ஓடும் நீரை அது 25 பாகை அளவுக்கே உயர்த்தும். ஜூலை மாதத்தில் 18 பாகையில் வரும் நீருக்கு அது தாராளம். ஆனால் மே மாதக் கடைசியில் ஜோர்ஜியன் விரிகுடாவை ஒட்டிய கில்பெயர் போன்ற ஒரு பூங்காவில், குளிர்ந்த இரவுக்குப் பின் 5 பாகையில் நீர் வந்தால், வெளியே கிடைப்பது 30 பாகை நீர்தான். பிள்ளைகள் அதில் குளிக்க மாட்டார்கள். ஓட்டத்தைக் குறைத்தால் வெப்பம் கூடும் என்பது உண்மை. ஆனால் ஓட்டம் நிமிடத்துக்கு 2 லிட்டர் அளவுக்குக் கீழே போனால் இத்தகைய கருவிகள் பலவற்றில் தீ தானாகவே அணைந்துவிடும். சிக்கனத்துக்காகக் குழாயைச் சற்றே திறந்து பாத்திரம் கழுவும் பழக்கமுள்ள வீடுகளில் இது பெரும் தொல்லை. ஒவ்வொரு முறை நிறுத்தித் திறக்கும்போதும் முதலில் குழாயில் தங்கிய சூடான நீரும், இடையில் குளிர்ந்த நீரும், பிறகே மீண்டும் சூடான நீரும் வருவதால், நிறுத்தி நிறுத்திக் குளிப்பவர்கள் நீரை வீணாகவே ஓடவிட நேர்கிறது. சேமித்துச் செலவிட வேண்டிய நீரைக் காத்திருப்பில் இழப்பது உங்கள் சூழலில் தவறான வணிகம்.

இந்தக் குறைகளுக்கு விடை கண்ட கருவிகளும் உள்ளன என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ட்ரூமா நிறுவனத்தின் அக்வாகோ 60,000 பி.டி.யு. திறன் உடையது; அதே ஓட்டத்தில் நீரை 35 பாகை உயர்த்தக்கூடியது. உள்ளே ஒரு சிறிய கலவைக் கலன் இருப்பதால் வெப்பத்தின் ஏற்ற இறக்கத்தையும் அது பெருமளவு சமன்செய்கிறது. நல்ல கருவி, விலையும் அதற்கேற்ப அதிகம். ஆனால் 12,000 பி.டி.யு. ஹீட்டருக்கென்று போடப்பட்ட எரிவாயுக் குழாயும் அழுத்தச் சீராக்கியும் ஐந்து மடங்கு பெரிய தீக்குப் போதுமானவையா என்பதைத் தொழில்நுட்பர் அளந்து பார்க்க வேண்டும். அடுப்பும் அறை சூடாக்கியும் ஒருசேர எரியும் குளிர்ந்த காலையில், பாதி தீர்ந்த சிலிண்டரிலிருந்து அவ்வளவு வாயு வேகமாக வெளிவராமல் போகலாம். தண்ணீரும் கழிவும் நேரடியாக இணைக்கப்படும் தனியார் முகாம்களில் வாரக்கணக்கில் தங்குபவர்களுக்கும், ட்ரெயிலரிலேயே வசிப்பவர்களுக்கும் இந்த வகையை நானே பரிந்துரைப்பேன்.

தாங்கி இல்லாத வகை எரிவாயுவை மிச்சப்படுத்தும் என்றும் சொல்லப்படுகிறது. வீட்டில் இரவும் பகலும் சூடாகவே வைத்திருக்கும் பெரிய தாங்கியோடு ஒப்பிடும்போது அது சரி. ட்ரெயிலரில் குளிப்பதற்கு அரை மணிக்கு முன் ஹீட்டரை இயக்கி, முடிந்ததும் அணைத்துவிடுகிறோம். வீணாகும் வெப்பம் சிறிதே. 20 பவுண்டு புரோப்பேன் சிலிண்டரில் ஏறத்தாழ 4,30,000 பி.டி.யு. வெப்பம் இருக்கிறது. 6 கேலன் நீரை 10 பாகையிலிருந்து 60 பாகைக்குக் கொண்டுவர 5,600 பி.டி.யு. அளவில் எரிந்தால் போதும். ஹீட்டருக்கு மட்டும் பயன்படுத்தினால் ஒரு சிலிண்டர் எழுபது முறைக்கு மேல் தாங்கியைச் சூடாக்கும்.

எரிவாயுவோடு மின்சாரமும் கொண்ட மாதிரியை வலியுறுத்துவதற்குக் காரணம், மின் இணைப்புக்கு நீங்கள் ஏற்கனவே பூங்காவுக்குக் கட்டணம் செலுத்திவிடுகிறீர்கள் என்பதே. இவற்றில் நீரைச் சூடாக்கும் மின்கூறு 1,400 வாட் அளவிலானது. தாங்கியைச் சூடாக்க ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். எரிவாயுவில் அரை மணி. இரண்டையும் சேர்த்து இயக்கினால் 20 நிமிடம். ஆனால் மின்கூறு 12 ஆம்பியர் இழுக்கிறது. 30 ஆம்பியர் இணைப்பில் குளிரூட்டி 13 ஆம்பியர் அளவுக்கு எடுக்கும்போது, மைக்ரோவேவையும் சேர்த்துப் போட்டால் மின்னோட்டம் துண்டிக்கப்படும். 15 ஆம்பியர் மட்டுமே உள்ள மனையில் ஹீட்டரைத் தவிர வேறெதையும் இயக்குவது சிரமம். அங்கே எரிவாயுவையே பயன்படுத்துங்கள். மின்சாரத்தில் மட்டும் இயங்கும் ஹீட்டர் மின் இணைப்பில்லாத மனைகளில் உங்களைக் கைவிட்டுவிடும் என்பதால் அதை விலக்குகிறேன்.

தாங்கியின் உலோகம் பற்றிக் கடைகளில் அதிகம் பேசப்படுவதில்லை, ஆனால் ஆயுளை நிர்ணயிப்பது அதுவே. சபர்பன் நிறுவனத்தின் ஹீட்டர்களில் எனாமல் பூசிய எஃகுத் தாங்கி இருக்கிறது. அதனுள் மெக்னீசியத்தாலோ அலுமினியத்தாலோ ஆன ஒரு பலியிடு கம்பி இருக்கும். எஃகை அரிக்க வேண்டிய நீர் முதலில் அந்தக் கம்பியை அரித்துத் தின்னும். வடிகால் அடைப்பானும் அதுவேயாதலால், ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் கழற்றிப் பார்ப்பது எளிது. முக்கால்வாசி கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அட்வுட் ஹீட்டர்களில் அலுமினியத் தாங்கி. அந்த நிறுவனத்தை 2014-இல் டொமெட்டிக் வாங்கியது. அவற்றில் கம்பி கிடையாது, போடவும் கூடாது. உங்கள் தாங்கி எஃகினாலானது என்றால், முந்தைய உரிமையாளர் கம்பியை மாற்றாமல் விட்டதே ஓட்டைக்குக் காரணமாக இருக்கக்கூடும். ஆண்டுதோறும் கம்பியைக் கவனிக்கும் பொறுமை உள்ளவர்களுக்கு எஃகுத் தாங்கியையே நான் சிபாரிசு செய்வேன், ஏனெனில் அதன் உட்புறம் என்ன நிலையில் இருக்கிறது என்பதைக் கம்பியே காட்டிக்கொடுத்துவிடும். சுடுநீரில் அழுகிய முட்டை வாடை வந்தால், மெக்னீசியத்துக்குப் பதில் அலுமினியக் கம்பிக்கு மாறுங்கள்.

தீ மூட்டும் முறையைப் பற்றி நீண்ட ஆலோசனை தேவையில்லை. உள்ளேயிருந்து பொத்தானை அழுத்தினால் மின்பொறியால் பற்றிக்கொள்ளும் மாதிரியை வாங்குங்கள். மழையில் வெளியே போய்ப் பற்றவைக்க வேண்டியிருக்காது.

பிள்ளைகள் சிறியவர்கள் என்பதால் இதைக் கவனமாகப் படியுங்கள். 60 பாகை நீர் பெரியவர்களின் தோலையே 5 வினாடிக்குள் கடுமையாகச் சுட்டுவிடும். குழந்தைகளுக்கு அதைவிடக் குறைந்த நேரம் போதும். 49 பாகையில் அதே காயத்துக்குப் பல நிமிடங்கள் ஆகும். ட்ரெயிலர் ஹீட்டர்கள் பலவற்றில் வெப்பநிலை 54 அல்லது 60 பாகையில் நிலையாக வைக்கப்பட்டிருக்கும். திருகி மாற்ற முடியாது. ஆகவே, வெளியேறும் குழாயில் குளிர்நீரைக் கலந்து 49 பாகைக்குக் கொண்டுவரும் கலப்பு வால்வு ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள்.

ஒன்ராறியோவில் எரிவாயு இணைப்பு வேலையை டி.எஸ்.எஸ்.ஏ. என்னும் மாகாணப் பாதுகாப்பு ஆணையத்தின் சான்றிதழ் பெற்ற தொழில்நுட்பர் செய்ய வேண்டும். நீங்களே செய்ய முனைய வேண்டாம். வேலை நடக்கும்போதே, ஹீட்டரைத் தவிர்த்து நீரைத் திருப்பிவிடும் குறுக்குவழி வால்வுகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். குளிர்காலத்துக்கு மூடி வைக்கும்போது தாங்கியை வடித்துவிட்டு, இளஞ்சிவப்பு உறைதடுப்பு நீர்மத்தைக் குழாய்களில் மட்டும் செலுத்த அவை தேவை; இல்லாவிட்டால் 6 கேலன் நீர்மம் வீணாகத் தாங்கிக்குள் போகும். மலிவாகக் கிடைக்கும் கையடக்க எரிவாயு ஷவர் ஹீட்டர்கள் திறந்தவெளிக்கு மட்டுமே உரியவை. ஊரில் குளியலறைகளில் மாட்டிய கேஸ் கீசர்களின் நச்சுவாயுவால் உயிர்கள் போனதை அறிந்தவர்களுக்கு, அத்தகைய ஒன்றை ட்ரெயிலருக்குள் ஏன் வைக்கக்கூடாது என்று விளக்க வேண்டியதில்லை. கார்பன் மோனாக்சைடு அலாரம் இயங்குகிறதா, அதன் காலாவதி ஆண்டு கடந்துவிட்டதா என்பதையும் இந்த வேளையில் பார்த்துவிடுங்கள்.

புதிய ஹீட்டரைப் பொருத்திய பின், குறுக்குவழி வால்வைச் சாதாரண நிலைக்குத் திருப்பி, தாங்கியை நிரப்பி, எல்லாச் சுடுநீர்க் குழாய்களிலும் காற்றில்லாமல் நீர் சீராக வருவதைப் பார்த்த பிறகே மின் சுவிட்சைப் போடுங்கள். வெறுந்தாங்கியில் இயக்கினால் மின்கூறு உடனே எரிந்துவிடும். வசந்தத்தில் முதல் பயணத்தின்போது இந்த வரிசையை மறப்பவர்கள் அதிகம் என்பதால், வால்வின் நிலையை எழுதி அந்த சுவிட்சின் அருகிலேயே ஒட்டி வையுங்கள்.