வரைந்த கை யாருடையது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் ஏழு வயது மகளுக்குப் பள்ளியில் 'ஓர் எழுத்தாளரை அறிவோம்' என்று ஒரு செயல்திட்டம் கொடுத்தார்கள். பிறந்த ஆண்டு, பெற்ற விருதுகள், நூல்களின் பட்டியல் எல்லாவற்றையும் பார்த்து எழுதி, ஒரு புகைப்படமும் ஒட்டிக் கொடுத்தாள். அவருடைய ஒரு புத்தகத்தைக்கூட அவள் படிக்கவில்லை. இதனால் வாசிப்பு வளருமா?

ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

இப்படிச் செய்தால் வளராது. ஆனால் யோசனை நல்ல யோசனை. தலைகீழாகச் செய்துவிட்டார்கள், அவ்வளவுதான். முதலில் வரவேண்டியது புத்தகங்கள். ஒரே ஆளின் நாலைந்து புத்தகங்களை எடுத்துவந்து, இரண்டு மூன்று வாரம் கண்ணில் படுகிற இடத்தில் போட்டு வையுங்கள். சேர்ந்து படியுங்கள், கேள்வி எதுவும் கேட்காதீர்கள். மூன்றாவது புத்தகத்தைத் திறக்கும்போது "இதுவும் அவர்தானே?" என்று குழந்தையே கேட்கும்.

ஏழு வயதுக்கு ஓவியரிடமிருந்து தொடங்குவது இன்னும் நல்லது. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே குழந்தைகள் படத்தைப் படிக்கிறார்கள். குழந்தைகளுக்கான படப்புத்தகங்களை எழுதி வரைந்த எரிக் கார்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1969இல் வந்த 'தி வெரி ஹங்கிரி கேட்டர்பில்லர்' என்ற, பசித்த கம்பளிப்புழுவின் கதைப் புத்தகத்தில் பக்கங்களில் துளைகள் இருக்கும், விரலை விட்டுப் பார்க்கலாம். 'தி வெரி பிஸி ஸ்பைடர்' புத்தகத்தில் சிலந்தி வலை மேடாக அச்சாகியிருக்கும், தடவிப் பார்க்கலாம். 'தி வெரி கொயட் கிரிக்கெட்'டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தால் பூச்சி சத்தமிடும். மூன்றையும் வரிசையாகப் பார்த்த குழந்தை, நாலாவதைத் திறக்கும் முன்பே "இதில் என்ன இருக்கும்?" என்று தேடத் தொடங்கிவிடும். ஒரு படைப்பாளியின் பாணி என்று நாம் சொல்வது இதைத்தான்.

அவருடைய வாழ்க்கைக் கதை அதற்கப்புறம் வரட்டும், அதுவும் குழந்தை கேட்டால். "ஏன் ஓட்டை போட்டார்?" என்று கேட்பாள். ஒருநாள் காகிதக் கட்டில் துளை போட்டுக்கொண்டிருந்தபோது அவருக்குப் புத்தகப்புழுவின் ஞாபகம் வந்தது, அதை வைத்துப் புழுவின் கதை ஒன்றை யோசித்தார், அதைக் கம்பளிப்புழுவாக மாற்றலாமே என்றவர் அவருடைய பதிப்பாசிரியர் என்று சொல்லுங்கள். பிறந்த ஆண்டு மறந்துபோகும், இது மறக்காது. மெல்லிய டிஷ்யூ தாளில் வண்ணம் பூசி, காயவைத்து, வெட்டி ஒட்டித்தான் அவர் படங்களைச் செய்தார். அதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒருமுறை ஒட்டிப் பார்த்த குழந்தை, அந்தப் புழுவின் உடம்பில் தூரிகைக் கோடுகள் இருப்பதைத் தானாகக் கண்டுபிடிக்கும்.

அடுத்து எஸ்ரா ஜாக் கீட்ஸ், இவரும் படப்புத்தகங்களை எழுதி வரைந்தவர். 1940இல் ஒரு பத்திரிகையில் வந்த சின்னப் பையனின் புகைப்படங்களை வெட்டி வைத்திருந்தார். இருபது வருஷத்துக்கும் மேல் கழித்து, 1962இல் அந்தப் பையன் 'தி ஸ்னோயி டே'யில் பீட்டராக வந்தான். ஏழு புத்தகங்களில் பீட்டர் வருகிறான், வரவர வளர்கிறான், அவனுக்குத் தங்கை பிறக்கிறாள். ஒரு புத்தகத்தை மட்டும் படித்தால் அவன் வளர்வது தெரியாது.

மகள் கொஞ்சம் பெரியவளானதும் ஒரே கதைக்கு இருவர் வரைந்த படங்களைக் காட்டுங்கள். ஆலிஸின் அற்புத உலகத்துக்கு 1865இல் ஜான் டென்னியல் வரைந்தார், 1966இல் டூவே யான்சன் வரைந்தார். எந்த ஆலிஸ் பயப்படுகிறாள் என்று அவளே சொல்லட்டும்.

ஒரு வேண்டுகோள். அட்டையைப் படிக்கும்போது எழுதியவர் பெயரோடு வரைந்தவர் பெயரையும் சத்தமாகப் படியுங்கள். பெரும்பாலும் விட்டுவிடுகிறோம், எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சரி, கொடுத்த செயல்திட்டம் போகட்டும். அவள் யாரைப் பற்றி எழுதினாளோ, அவருடைய இரண்டு புத்தகங்களை இந்த வாரம் நூலகத்திலிருந்து எடுத்துவாருங்கள். புகைப்படம் ஒட்டிய முகம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.