கை நடுங்கும், நடுங்கட்டும்: கிட்டாரோடு முதல் மேடை ஏறும் ஆசிரியைக்கு

கேள்வி: நான் திருகோணமலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை, வயது 31. மூன்று வருடமாகக் கிட்டார் பழகுகிறேன். வீட்டில் தடங்கல் இல்லாமல் வாசிப்பேன். ஒக்டோபர் 6 ஆசிரியர் தின விழாவில் நான் கிட்டார் வாசித்து ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று அதிபர் சொல்லிவிட்டார். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. நினைத்தாலே கை குளிர்ந்து நடுங்குகிறது. தெரிந்த ஒருவர் 25,000 ரூபாய் கட்டினால் 'மேடைப் பயம் போக்கும் பயிற்சி' தந்து, நவம்பரில் உப்புவெளி ஹோட்டல் ஒன்றில் மேடையும் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். தோழி ஒருத்தியோ, ஒரு குளிசை போட்டால் நடுக்கமே வராது என்று சொல்லி இரண்டு குளிசையைக் கையிலும் தந்துவிட்டாள். எதைச் செய்வது? – உவர்மலை வாசகி

பதில்: தங்கச்சி, இரண்டும் வேண்டாம். நடுக்கத்தை அடியோடு இல்லாமல் ஆக்க வேண்டும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். ஆறு வாரத்தில் அது நடக்காது, நடக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. கை நடுங்கினாலும் பாட்டு ஓடுகிற மாதிரி பாட்டைத் தயார் செய்யலாம். உங்கள் ஆறு வாரமும் அதற்கே போகட்டும்.

முதலில் கை ஏன் நடுங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பயம் வந்ததும் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. இரத்தம் தொடை, தோள் போன்ற பெரிய தசைகளுக்கு ஓடுகிறது, விரல் நுனிக்குப் போவது குறைகிறது. விரல் குளிர்வது அதனால்தான். ஓடித் தப்ப இது நல்ல ஏற்பாடு. விரல் கொஞ்சம் தள்ளிப் பட்டாலே சத்தம் கெட்டுப்போகும் வாத்தியத்துக்கு இது கஷ்டம். உங்களுக்குத் திறமை இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. செல்லோ என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் மேதை பாப்லோ கசல்ஸ் வாழ்நாள் முழுக்க மேடைக்குப் பயந்தவர். 1901இல் அமெரிக்காவில் மலையேறும்போது கல் உருண்டு அவருடைய இடது கை விரல்களை நசுக்கியது. இனிமேல் செல்லோ வாசிக்கத் தேவையில்லை என்ற நிம்மதிதான் அந்த நேரத்தில் முதலில் வந்தது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கை குணமானது. அதற்குப் பிறகு எத்தனையோ பத்தாண்டுகள் அந்தப் பயத்தோடேயே வாசித்தார்.

சரி, கைக்கு வருவோம். நடுக்கம் சின்ன அசைவுகளைத்தான் கெடுக்கும், பெரிய அசைவுகளை அவ்வளவாகத் தொடாது. ஆகவே ஒவ்வொரு தந்தியாக விரலால் பிரித்து மீட்டும் பாட்டை இந்த மேடைக்கு எடுக்காதீர்கள். பிக், அதாவது தந்தி மீட்டும் சின்னத் தகடு பிடித்து, முழங்கையிலிருந்து கை தாராளமாக ஆட, தந்திகளை மொத்தமாக அடிக்கும் ஸ்ட்ரமிங் பாட்டு ஒன்றை எடுங்கள். வியர்த்த விரலில் பிக் நழுவும். மைக் ஸ்டாண்டில் இன்னும் இரண்டு பிக்கைச் செருகி வையுங்கள்.

இடது கைக்குப் பெரிய எதிரி பார் கோர்ட், அதாவது ஒரு விரலைப் படுக்க வைத்து எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் சுரக் கூட்டு. வீட்டில் சுத்தமாக விழும் எஃப் கோர்ட், குளிர்ந்த விரலில் டக் டக் என்று செத்த சத்தம் தரும். பாட்டு எஃப் சுருதியில் இருந்தால் கழுத்தின் மூன்றாவது கட்டையில் (ஃப்ரெட்டில்) தந்திகளை எல்லாம் சேர்த்து அழுத்தும் கவ்வியான கேப்போவைப் போட்டு டி வடிவத்தில் வாசியுங்கள். பி ஃப்ளாட் வரும் இடத்தில் ஜி பிடிக்கலாம், சி வரும் இடத்தில் ஏ பிடிக்கலாம். மூன்றும் பார் பிடிக்கத் தேவையில்லாத திறந்த கோர்ட்கள். கேப்போ போட்டதும் தந்திகள் கொஞ்சம் சுருதி ஏறும், அதனால் போட்ட பிறகு இன்னொரு முறை டியூன் பாருங்கள். சுலபமான கோர்ட்டில் வாசித்தால் மற்ற ஆசிரியர்கள் என்ன நினைப்பார்களோ என்று யோசிக்க வேண்டாம். கேட்கிறவருக்கு வடிவம் தெரியாது, பாட்டு மட்டும்தான் தெரியும்.

இனி அந்த 25,000 ரூபாய். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் என்னிடம் வரும் புதிய மாணவர்களில் பலர் இப்படி எங்கேயோ பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். மேடைப் பயத்துக்குப் பயிற்சி என்றால் ஆட்கள் முன்னால் வாசிப்பது. வேறு இரகசியம் எதுவும் இல்லை. ஒரு மண்டபத்தில் கதிரை போட்டு உட்கார வைத்து, கண்ணை மூடி மூச்சு விடச் சொல்லி, கடைசி நாளில் சான்றிதழ் தந்து படம் எடுப்பதற்கு நீங்கள் பணம் கட்டத் தேவையில்லை. அவரிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள்: "முதல் நாளே நான் யார் முன்னால் வாசிக்கப் போகிறேன்?" பதில் தெளிவாக வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஹோட்டல் மேடை என்ற வாக்குறுதி அதைவிட மோசம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சுற்றுலாப் பயணிகள் நிறைந்திருப்பது மே முதல் செப்ரெம்பர் வரை. நவம்பர் நமக்கு வாடை மழைக் காலம். அந்த மாதத்தில் கடற்கரை ஹோட்டலில் மேடை போட்டு யார் கேட்கப் போகிறார்கள்? அப்படியே கிடைத்தாலும், வாசிக்கிறவருக்கு ஹோட்டல்தான் காசு கொடுக்க வேண்டும். வாசிக்கிறவரே காசு கொடுத்து மேடை வாங்கினால் நடுவில் நிற்கிறவர் ஒருவர்தான் லாபம் பார்ப்பார். முன்பணம் ஏதாவது கட்டிவிட்டீர்களா? அப்படியானால் ரசீதையும், வாக்குறுதி கொடுத்த குறுஞ்செய்திகளையும் அழிக்காமல் வையுங்கள். சேவை தராமல் ஏமாற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடலாம், அதற்கு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ரசீதே தரமாட்டேன் என்கிறவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இதே ஆட்கள் அடுத்ததாகச் சொல்லப்போவது, "இந்தக் கிட்டார் மேடைக்குச் சரிவராது, ஸ்பீக்கரோடு இணைக்கும் பிக்கப் வைத்த புதுசு வாங்குங்கள், நான் குறைத்து எடுத்துத் தருகிறேன்" என்பது. வாங்க வேண்டாம். மூன்று வருடம் உங்கள் கை பழகிய கழுத்தும் தந்தி உயரமும்தான் முதல் மேடையில் உங்களுக்குத் துணை. ஒரு மைக்கை, சத்தம் வரும் துளைக்கு நேராக வைக்காமல், கழுத்து உடம்போடு சேரும் இடத்தைப் பார்க்க வைத்தால் ஒரு பாட்டுக்குத் தாராளமாகப் போதும். தந்தி மட்டும் மாற்றுங்கள். நம் ஊர் கடற்காற்றுக்கு இரும்புத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். ஆனால் புதுத் தந்தி சில நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும், விழாவுக்கு முதல் நாள் மாற்றினால் மேடையில் சுருதி இறங்கும். ஒரு வாரத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

இந்தத் தரகர்கள் பிழைப்பதற்கு நம் இசைக் கல்வி முறையும் ஒரு காரணம். பிள்ளைகள் தரம் தரமாகப் பரீட்சை எழுதுகிறார்கள். ஒரு அறை, ஒரு பரீட்சகர், கதவு சாத்தியிருக்கும். சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் ஏறும். அந்தப் பிள்ளை பக்கத்து வீட்டாருக்கு ஒரு பாட்டு வாசித்துக் காட்டியிருக்காது. பாடசாலைக்குக் கிடைத்த கிட்டாரோ இலக்கம் எழுதி அலுமாரியில் பூட்டிக் கிடக்கும், எடுத்து உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தில். வாசிப்பதற்குத் தந்த வாத்தியத்தைப் பதிவேட்டுக்காகப் பாதுகாக்கும் இந்தப் பழக்கத்தைப் பார்த்தால் எனக்குப் பொறுக்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் காலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை ஒரு பாட்டு வாசித்தால் போதும், பத்து வருடத்தில் மேடைப் பயத்துக்கு வகுப்பு நடத்துகிறவர்களுக்கு இந்த ஊரில் வேலை இருக்காது.

அடுத்தது குளிசை. உங்கள் தோழி தந்தது அநேகமாக புரொப்ரனொலோல் போன்ற பீட்டா புளொக்கராக இருக்கும். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. இந்த வகை மருந்து அட்ரினலினின் வேலையைத் தடுத்து இதயத் துடிப்பையும் நடுக்கத்தையும் குறைக்கும். 1977இல் தந்தி வாத்தியக் கலைஞர்களை வைத்து இதே வகை மருந்தைச் சோதித்து, லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். நடுக்கம் குறைந்தது, வாசிப்பும் கொஞ்சம் மேம்பட்டது. அமெரிக்க ஓர்கெஸ்ட்ராக் கலைஞர்களிடம் 1980களில் எடுத்த கணக்கெடுப்பில் 100க்கு 27 பேர் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். இருந்தும் வேண்டாம் என்கிறேன். ஒரே ஒரு விலக்கு: டொக்டர் உங்களை நேரில் பார்த்து, உங்கள் பழைய வருத்தங்களை எல்லாம் கேட்டு, அவரே எழுதித் தந்தால் எடுக்கலாம். இந்த விலக்கைச் சரியாக விளங்கிக்கொள்ளுங்கள். தோழிக்கு டொக்டர் எழுதித் தந்தது உங்களுக்கு எழுதித் தந்தது ஆகாது. பாமசியில் டொக்டரின் துண்டு கேட்காமல் தந்தார்கள் என்பதும் ஆகாது. துண்டு இல்லாமல் இந்த மருந்தை நீட்டும் பாமசிகளை யாரும் தட்டிக் கேட்பதில்லை என்பது பெரிய அநியாயம். ஆஸ்துமா, அதாவது முட்டு வருத்தம் இருக்கிறவருக்கு இந்தக் குளிசை மூச்சுக் குழாயை இறுக்கிவிடக்கூடும். அந்த நேரத்தில் வழக்கமாக இழுக்கும் இன்ஹேலரும் சரியாக வேலை செய்யாமல் போகலாம். "சின்ன வயதில் இருந்தது, இப்போது இல்லை" என்கிறவரும் அதை டொக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். சலரோகத்துக்கு மருந்து எடுக்கிறவருக்குச் சீனி இறங்கும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடும். நாடித் துடிப்போ பிரஷரோ ஏற்கெனவே குறைவாக இருப்பவருக்குத் தலை சுற்றும். டொக்டர் எழுதித் தந்தாலும் விழா நாளில் முதல் முறையாகப் போடாதீர்கள். அவரிடம் கேட்டு, வீட்டில் ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தோழி தந்த இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பயிற்சிக்கு உங்களிடம் இருக்கும் வசதி எத்தனையோ பேருக்கு இல்லை. நீங்கள் ஆசிரியை. தினமும் முப்பது பிள்ளைகள் முன்னால் நிற்கிறீர்கள், அங்கே கை நடுங்குவதில்லை. நாளைக்கே கிட்டாரை வகுப்புக்குக் கொண்டுபோங்கள். கடைசிப் பாடவேளையில் அந்தப் பாட்டை முழுதாக வாசியுங்கள். பிழை விட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள், அப்புறம் "இன்னொருக்கா, டீச்சர்" என்பார்கள். அடுத்த வாரம் பக்கத்து வகுப்பு. அதற்கடுத்த வாரம் இடைவேளையில் ஆசிரியர் ஓய்வறை, அங்கேதான் உங்களுக்கு உண்மையில் பயம் வரும். ஒவ்வொரு முறையும் பயம் வரவேண்டும், நீங்கள் அதோடு வாசித்து முடிக்கவேண்டும்.

வீட்டில் செய்ய ஒன்று. உவர்மலை ஏற்றத்தில் வேகமாக நடந்து ஏறி, மூச்சு வாங்க வாங்க உள்ளே வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் கிட்டாரை எடுத்துப் பாட்டைத் தொடங்குங்கள். நெஞ்சு படபடவென்று அடிக்கும்போது கோர்ட் பிடிக்கவும் பாட்டுக்கு இடையில் மூச்சு எடுக்கவும் அப்போதுதான் உடம்பு பழகும். முதல் சில நாட்கள் கேவலமாக இருக்கும். விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, பிழை விட்டால் நிறுத்தாமல் போகும் பழக்கம். வீட்டில் நாம் எல்லோரும் பிழை விட்ட இடத்தில் நின்று, திரும்பத் தொடங்கி, நிற்பதையே பழக்கமாக்கி வைத்திருக்கிறோம். தவறான கோர்ட் ஒரு நொடியில் போய்விடும், சபைக்குத் தெரிவதில்லை. வலது கை நின்றால் பின்வரிசைக்கும் தெரியும். ஆகவே நாளுக்கு ஒரு முறை, என்ன நடந்தாலும் வலது கையை நிறுத்துவதில்லை என்று வைத்து முழுப் பாட்டையும் வாசியுங்கள். இடது கை தடுமாறினால் தந்திகளை இலேசாகத் தொட்டு அடக்கிக்கொண்டு தாளத்தை மட்டும் அடியுங்கள், அடுத்த கோர்ட்டில் ஏறிக்கொள்ளலாம். சரணத்தின் தொடக்கத்திலிருந்து, பல்லவி திரும்பும் இடத்திலிருந்து என்று எங்கிருந்தும் தொடங்கப் பழகுங்கள். வரி மறந்தால் அந்த இடங்களில் ஒன்றுக்குப் போய்ச் சேரலாம்.

விழா நாளில், "பயப்படாதே, அமைதியாக இரு" என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ள வேண்டாம். அடிக்கிற இதயம் சொல்லி அடங்காது. ஹார்வர்ட் ஆய்வாளர் ஒருவர் ஆட்களைக் கரோக்கே பாட வைத்துப் பார்த்து 2014இல் எழுதினார். பாடுவதற்கு முன் "எனக்குப் பதற்றமாக இருக்கிறது" என்று சொன்னவர்களைவிட "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் நன்றாகப் பாடினார்கள். செலவில்லாத காரியம், சொல்லிப் பாருங்கள்.

கிட்டாரை வெயிலில் நிற்கும் ஓட்டோவிலோ காரிலோ விடாதீர்கள், சூட்டில் சுருதி இறங்கும். சவுண்ட் போடுகிறவரிடம் சபை வருவதற்கு முன்பே போய், மைக் உயரத்தை உட்கார்ந்தபடி சரிபாருங்கள். கைப்பிடி இல்லாத கதிரை ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள், கைப்பிடி இருந்தால் கிட்டார் இடிக்கும். மேடைக்குப் போகும்வரை கையைத் துவாயில் சுற்றிச் சூடாக வைத்திருங்கள். உட்கார்ந்ததும் உடனே தொடங்க வேண்டாம். பயத்தில் எல்லோரும் வேகமாகத்தான் தொடங்குவார்கள், நீங்களும் அப்படித்தான் தொடங்குவீர்கள். பல்லவியை அல்ல, சொற்கள் நெருக்கமாக வரும் சரணத்தை மனதுக்குள் இரண்டு வரி பாடிப் பாருங்கள். அது வாய்க்கு வசதியாக வரும் வேகம் எதுவோ, அதில் காலால் நான்கு தட்டித் தொடங்குங்கள்.