ஸ்ப்ரே பூத்துக்கு எந்த ஃபேன்? கேட்டவர்களுக்குப் பதில்

பிளாஸ்டிக் மாடல் கிட்டுகளுக்கு ஏர்பிரஷ்ஷில் பெயிண்ட் அடிக்க, வீட்டிலேயே பூத் (பறக்கும் பெயிண்ட் துகளையும் ஆவியையும் ஃபேன் வைத்து உறிஞ்சி, குழாய் வழியாக வெளியே தள்ளும், முன்பக்கம் திறந்த பெட்டி) செய்வது பற்றிக் கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தேன். நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: அண்ணா, நான் அடிப்பது 1/72 அளவு (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு) சின்ன விமானங்கள் மட்டும்தான். பெயிண்டும் தண்ணீரில் கலக்கும் வல்லேஹோ பிராண்ட். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து அடித்தால் போதாதா?

போதாது தம்பி. வாடை இல்லை என்பதற்காகத் துகளும் இல்லை என்று ஆகிவிடாது. ஏர்பிரஷ் பெயிண்டைப் பொடிப்பொடியாக உடைத்துக் காற்றில் மிதக்க விடுகிறது. காற்று வெளியிலிருந்து உள்ளே வீசும் நாளில் அத்தனையும் உங்கள் முகத்துக்குத்தான் வரும். டமியா பிராண்ட் அக்ரிலிக்கையும் வெறும் தண்ணீர் பெயிண்ட் என்று நினைக்காதீர்கள். அதில் ஆல்கஹால் வகைக் கரைப்பான் இருக்கிறது.

கே: பெட்டி எந்த அளவு, ஃபேன் எந்த அளவு? கடையில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

முதலில் பெட்டியின் வாயை அளந்துகொள்ளுங்கள். அந்த வாயில் காற்று நிமிடத்துக்கு சுமார் 100 அடி வேகத்தில் உள்ளே போகவேண்டும். வாய் 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 3 சதுர அடி. அதை 100-ஆல் பெருக்கினால் 300 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு 300 கன அடி. ஃபில்டரும் குழாயும் கொஞ்சம் தடுக்கும் என்பதால் 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் எக்ஸாஸ்ட் ஃபேன் அட்டையில் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று போட்டிருப்பார்கள். அதை 0.59-ஆல் பெருக்கினால் சிஎஃப்எம் வந்துவிடும். 400 சிஎஃப்எம் வேண்டுமானால் அட்டையில் ஏறக்குறைய 680 இருக்கவேண்டும்.

பலர் பெரிய பெட்டியாகச் செய்துவிட்டுச் சின்ன ஃபேனை மாட்டுகிறார்கள். 1/35 டாங்கிதான் செய்வீர்கள் என்றால் ஒன்றரை அடி அகலமே தாராளம். வாய் சிறுத்தால் அதே ஃபேன் இன்னும் பலமாக இழுக்கும்.

பெட்டியை எதில் வேண்டுமானாலும் செய்யலாம். நான் சன்பேக் ஷீட்டில் (உள்ளே பொந்து பொந்தாக இருக்கும் பிளாஸ்டிக் அட்டை) செய்தேன். லேசாக இருக்கிறது, கட்டரால் வெட்டலாம், துடைக்கலாம்.

கே: பழைய கம்ப்யூட்டர் ஃபேன் நாலு இருக்கிறது. கார் ஏசி புளோயரும் ஒன்று கிடைத்தது. எதைப் போடலாம்?

இரண்டையும் விட்டுவிடுங்கள். கம்ப்யூட்டர் ஃபேன் திறந்த வெளியில் நன்றாகச் சுற்றும். முன்னால் ஃபில்டர், பின்னால் குழாய் என்று வைத்ததும் மூச்சு வாங்கும். கார் புளோயர் பலமானதுதான், ஆனால் அந்த மோட்டாருக்குள் பெரும்பாலும் கார்பன் பிரஷ் இருக்கும். பிரஷ் உள்ள இடத்தில் பொறி உண்டு. தின்னர் ஆவி அதன் வழியாகப் போகவே கூடாது.

தண்ணீர் பெயிண்ட் மட்டும் என்றால், பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார் போட்ட 9 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் போதும். லாக்கரும் (காட்டமான தின்னரில் கரையும் பெயிண்ட்) அடிப்பீர்கள் என்றால், மோட்டார் காற்றுப் பாதைக்கு வெளியே இருக்கும் சென்ட்ரிஃப்யூகல் புளோயர் வாங்குங்கள். விலை கூடுதல்தான், இருந்தாலும் இதில் மிச்சம் பிடிக்கவேண்டாம். கேன் ஸ்ப்ரேயை பூத்துக்குள் அடிக்காதீர்கள். அதைத் தள்ளிவிடும் வாயுவே எரியக்கூடியது. மொட்டைமாடிக்குப் போய்விடுங்கள்.

கே: ஃபேன் சத்தமாக ஓடுகிறது, ஆனாலும் வாடை அறைக்குள்ளேயே நிற்கிறது. ஏன் சார்?

என் முதல் பூத்திலும் இதே கதைதான். 4 அங்குல நெளிகுழாயை மூன்று இடத்தில் வளைத்து ஜன்னலுக்குக் கொண்டுபோயிருந்தேன். ஒருநாள் நீலம் அடித்துவிட்டுப் பார்த்தால் சாப்பாட்டு மேசைமேல் நீலத்தூள். அன்றைக்கு வீட்டில் வாங்கிய திட்டு நியாயமானது.

6 அங்குலக் குழாயின் வாய்ப்பரப்பு 4 அங்குலத்தைப்போல இரண்டேகால் மடங்கு. கிச்சன் சிம்னிக்குப் போடும் குழாயே கிடைக்கிறது. அதை இழுத்து விறைப்பாக்கி, முடிந்தவரை குட்டையாகவும் நேராகவும் விடுங்கள்.

குழாய் சரி என்றால் அறைக் கதவைப் பாருங்கள். எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஃபேனைப் போட்டால் வெளியே தள்ள அதற்குக் காற்று ஏது? எதிர்ப்பக்கக் கதவை நாலு விரல் திறந்து வையுங்கள். அப்புறம் ஒரு ஊதுபத்தி கொளுத்தி, பெயிண்டும் தின்னரும் எடுப்பதற்கு முன்பே, பெட்டி வாயின் நாலு மூலையிலும் காட்டுங்கள். புகை தயங்காமல் உள்ளே போகவேண்டும். மாதக்கணக்கில் நன்றாக இழுத்துவிட்டுப் பிறகு தயங்கினால் ஃபில்டர் அடைத்திருக்கிறது.

கே: வாடகை வீடு, சுவரில் துளை போட முடியாது. கார்பன் ஃபில்டர் வைத்துக் காற்றை அறைக்குள்ளேயே விடலாமா?

வேண்டாம். சாதாரண ஃபில்டர் துகளைத்தான் பிடிக்கும், ஆவி அப்படியே கடந்துவிடும். கார்பன் ஆவியைக் கொஞ்சநாள் பிடிக்கும், அது நிறைந்துவிட்டது என்பது உங்களுக்குத் தெரியவராது. ஸ்லைடிங் ஜன்னல் என்றால், திறக்கும் இடைவெளிக்கு அளவாக ஒரு பிளைவுட் பலகை வெட்டி, அதில் 6 அங்குல ஓட்டை போட்டுக் குழாயைச் செருகுங்கள். வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடலாம். பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து மட்டும் விடாதீர்கள்.

கே: பூத் இருந்தால் மாஸ்க் தேவையில்லையே?

லாக்கருக்கு கட்டாயம் தேவை. என்95 தூசிக்குத்தான், ஆவியைத் தடுக்காது. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜும் துகள் ஃபில்டரும் சேர்ந்த அரைமுக ரெஸ்பிரேட்டர் வாங்குங்கள். அடித்து முடித்த பிறகும் பத்து நிமிடம் ஃபேன் ஓடட்டும், பெயிண்ட் காயும்போதுதான் நிறைய ஆவி கிளம்பும்.

கே: மழைக்காலத்தில் லாக்கர் வெள்ளை பூத்துப் போகிறது. பூத் காரணமா?

இல்லை. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிகிறது. தின்னர் ஆவியாவதை மெதுவாக்கும் ரிட்டார்டர் சேருங்கள், இல்லாவிட்டால் வெயில் வரும்வரை பொறுங்கள்.

கே: கார் மாடலுக்கு 2கே கிளியர் (ஹார்டனர் கலந்து அடிக்கும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) அடிக்கலாமா, பூத்தும் மாஸ்க்கும் இரண்டும் இருக்கின்றன?

அடிக்காதீர்கள் தம்பி. அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் பிறகு துளி பட்டாலும் தாங்காது. தொழில்முறையில் அடிப்பவர்கள் வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகக்கவசம் போட்டுத்தான் அடிக்கிறார்கள். லாக்கர் கிளியரையே மெல்லிசாக நாலைந்து கோட் கொடுத்து, நன்றாகக் காயவிட்டு, பாலிஷ் போடுங்கள். என் அலமாரியில் இருக்கும் கார்கள் எல்லாம் அப்படிச் செய்தவைதான்.