பெரிய ஸ்பிரிங் போட்டால் ரயில் அதிக தூரம் ஓடுமா?

தோட்டத்தில் சின்னத் தண்டவாளம் போட்டு, சாவி கொடுத்து ஓடும் என்ஜினைத் தாங்களே செய்துகொண்டிருக்கும் வாசகர்களின் கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒன்றாக்கி இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 32 மி.மீ. உள்ள பாதைக்கு ஒரு சாவி என்ஜின் செய்திருக்கிறேன். தனியாக விட்டால் நன்றாகவே ஓடுகிறது. மூன்று பெட்டிகளை மாட்டினால் ஏழெட்டு மீட்டரில் நின்றுவிடுகிறது. இப்போது இருக்கும் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு இரண்டு மடங்கு தடிமனில் ஒன்று போடலாமா? – ஓய்வுபெற்ற ஃபிட்டர்

பதில்: போட வேண்டாம் ஐயா. நீளமும் அகலமும் அப்படியே இருக்க, தடிமன் மட்டும் இரண்டு மடங்கானால் முறுக்குவிசை எட்டு மடங்காகிவிடும். சாவியைத் திருகவே இடுக்கி வேண்டியிருக்கும். ஸ்பிரிங் அடைபட்டிருக்கும் அதே உருளைப் பெட்டிக்குள், அதாவது டிரம்முக்குள், அந்தத் தடிமனில் பாதி நீளம்தான் அடங்கும், சுற்றுகள் குறையும், சின்ன நடுத்தண்டில் அவ்வளவு தடித்த பட்டை இறுக்கி வளையும்போது ஒருநாள் பட்டென்று முறியும், முறியும் அதிர்ச்சியில் டிரம் பின்னால் உதறி முதல் பினியனின் (சின்னப் பல்சக்கரத்தின்) பற்களை வழித்துக்கொண்டு போகும். அகலத்தைக் கூட்டுவது பரவாயில்லை, இரண்டு மடங்கு அகலத்துக்கு இரண்டு மடங்கு விசை, அவ்வளவுதான். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு சோதனை இருக்கிறது.

வண்டி நின்ற இடத்திலேயே என்ஜினை மெல்லத் தூக்குங்கள். தூக்கியதும் சக்கரம் விர்ரென்று சுழன்றால், ஸ்பிரிங்கில் இன்னும் சுற்று மிச்சம் இருக்கிறது, இழுக்கத்தான் தெம்பு போதவில்லை என்று அர்த்தம். தூக்கியும் சக்கரம் அசையவில்லை என்றால் ஸ்பிரிங் முழுக்க அவிழ்ந்துவிட்டது, கியர் விகிதம்தான் தூரத்தைத் தடுக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. உங்கள் என்ஜின் தனியாக அதிக தூரம் போகிறது என்பதால் முதல் வகைதான் என்று நினைக்கிறேன், எதற்கும் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

இப்போது கணக்கு. ஸ்பிரிங் சராசரியாக 0.3 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையோடு 6 சுற்று அவிழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 11 ஜூலும் சொச்சமும். கியரிலும், தண்டு சுழலும் வளையமான புஷ்ஷிலும் உரசி 40 சதவீதம் போனால் தண்டவாளத்துக்கு வந்து சேருவது 7 ஜூலுக்குக் கொஞ்சம் கீழே. என்ஜினும் பெட்டிகளும் சேர்ந்து 3 கிலோ, உருளும்போது எதிர்க்கும் தடை எடையில் 2 சதவீதம் என்றால் 0.6 நியூட்டன் விசையால் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வகுத்துப் பாருங்கள், 11 மீட்டர்தான் வரும். அதுவும் சமதளத்தில். 3 கிலோ வண்டியை 20 செ.மீ. உயரம் ஏற்றினாலே கிட்டத்தட்ட 6 ஜூல் தீர்ந்துவிடும், மீதியில் என்னத்தை ஓடுவது? ஐம்பதுக்கு ஒன்று ஏற்றம் கண்ணுக்கு ஏற்றமாகவே தெரியாது. வண்டிக்கோ அது சுமை இரட்டித்த மாதிரி. ஆகவே ஸ்பிரிங்கைத் தொடுவதற்கு முன் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு பாதை முழுவதும் ஒருமுறை வாருங்கள். மழைக்குப் பிறகு மண் அமுங்கி, சமமாகப் போட்ட பாதையில் உங்களுக்கே தெரியாமல் ஒரு மேடு முளைத்திருக்கும்.

அடுத்து பெட்டிகள். ஒரு மீட்டர் பலகையில் தண்டவாளத்தைப் பொருத்தி, ஒரு பெட்டியை வைத்து, பலகையின் ஒரு முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். விரலால் லேசாகத் தட்டிவிட்டால் பெட்டி வேகம் கூடாமல் குறையாமல் உருள வேண்டும், அந்த உயரத்தை அளந்துகொள்ளுங்கள். 20 மி.மீ. என்றால் தடை 2 சதவீதம். 30, 40 வந்தால் அந்தப் பெட்டிதான் உங்கள் திருடன். பெரும்பாலும் இரண்டு அச்சுகளும் இணையாக இருக்காது, பெட்டி எப்போதும் ஒரு பக்கமே சாய்ந்து, சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தை அரைத்துக்கொண்டே போகும். விளிம்பின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருப்பதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். அச்சு முனைகளைக் கூராக்கி குழிவான பித்தளைப் புஷ்ஷில் உட்கார வைத்தாலோ, சின்ன பால் பேரிங் போட்டாலோ தடை 1 சதவீதத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு அதே பழைய ஸ்பிரிங்கே மூன்று பெட்டிகளையும் கடைசிச் சுற்று வரை இழுக்கும்.

கேள்வி: நீங்கள் சொல்கிறபடி எல்லாவற்றையும் சரி செய்தாயிற்று. வண்டி முன்பைவிட வேகமாக ஓடுகிறது, ஆனால் ஒரு அடிகூட அதிக தூரம் போகவில்லையே? – வேறொரு வாசகர்

பதில்: போகாது. இதுதான் நான் சொன்ன இரண்டாவது வகை. 40 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு 126 மி.மீ. ஸ்பிரிங் 6 சுற்று, கியர் 1:15 என்றால் சக்கரம் மொத்தமே 90 சுற்றுதான் சுற்றும், 11 மீட்டர் சொச்சம். உரசல் குறைந்ததில் மிச்சமான சக்தி தூரமாக மாற வேண்டுமானால் கியரை 1:25, 1:30 என்று ஏற்ற வேண்டும். இழுவை அதே அளவுக்குக் குறையும், ஆனால் உங்கள் பெட்டிகளுக்கு இப்போது அவ்வளவு இழுவை தேவையில்லையே.

1:15 என்பது 60 பல்லுக்கு 15 பல், பிறகு 60க்கு 16 என்று இரண்டே கட்டத்தில் வந்துவிடும். மூன்றாவது கட்டம் சேர்க்குமுன் யோசியுங்கள், ஒவ்வொரு கட்டமும் தன் பங்கு உரசலை எடுத்துக்கொள்ளும். டிரம்மோடு சேர்ந்த முதல் ஜோடிக்கு மட்டும் மாடூல் 1 அளவில் (மாடூல் என்பது பல்லின் பருமனைச் சொல்லும் எண்) தடித்த பற்கள் வையுங்கள், பினியன் கட்டாயம் எஃகில் இருக்கட்டும். அடுத்த ஜோடி மெல்லிசாக இருந்தால் போதும்.

கேள்வி: ஸ்பிரிங் எதிலிருந்து எடுப்பது? அளவுநாடாவில் உள்ளது போதுமா? – பத்தாம் வகுப்பு மாணவர்

பதில்: சின்ன என்ஜின் என்றால் பழைய சாவி அலாரக் கடிகாரத்தின் ஸ்பிரிங்கே போதும் தம்பி. அளவுநாடாவில் உள்ளது நீளமாக இருக்கும், ஆனால் மெலிசு, பெட்டி இழுக்காது. பெரிய என்ஜினுக்குப் பழைய கிராமபோன் மோட்டாரை விட்டால் வேறில்லை, ஸ்பிரிங்கோடு வேறொரு பொருளும் அதில் கிடைக்கும், கீழே சொல்கிறேன். ஆனால் எதையும் டிரம்மிலிருந்து நீயாக வெளியே இழுக்காதே. அடைபட்டிருக்கும் ஸ்பிரிங் வெளியே பாய்ந்தால் விரலை அறுத்துவிடும். கையுறை, கண்ணாடி, கூட ஒரு பெரியவர், மூன்றும் இல்லாமல் தொடக்கூடாது.

டிரம் செய்வதற்குக் கடிகாரக்காரர்களின் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. டிரம்மின் உள்ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு நடுத்தண்டுக்கு, ஒரு பங்கு ஸ்பிரிங்குக்கு, ஒரு பங்கு காலி. நிறையத் திணித்தால் நிறைய ஓடும் என்று தோன்றும், நடப்பது தலைகீழ்: அவிழ இடமில்லாமல் சுற்று குறைந்துவிடும்.

முனையில் துளை போட வேண்டும் என்றால் டிரில் வழுக்கும், ஏனென்றால் அது பதமேற்றிய எஃகு. முனையின் கடைசி ஒன்றிரண்டு செ.மீ. மட்டும் மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சி, தண்ணீரில் போடாமல் தானாக ஆறவிட்டால் இளகிவிடும். தீயைச் சட்டென்று ஒரு கோட்டில் நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாக விலக்க வேண்டும். நீல நிறமும் வைக்கோல் நிறமும் ஒன்றில் ஒன்று கரைந்து போவது கண்ணுக்குத் தெரியும். அப்படி இல்லாமல் கோடு கிழித்த மாதிரி நிறம் மாறியிருந்தால் பின்னால் முறிவதும் அந்தக் கோட்டிலேயேதான். துளையின் ஓரத்தை நைசான அரத்தால் வழித்துவிடு, பிசிறு இருந்தால் அதிலிருந்தே விரிசல் ஆரம்பிக்கும்.

கேள்வி: முதல் வளைவிலேயே ராக்கெட் மாதிரி பாய்ந்து கவிழ்கிறது. அப்படியே தப்பித்துவிட்டால் கடைசியில் நத்தை. சீராக ஓட வைக்க வழி உண்டா? – பலர்

பதில்: உண்டு, ஒன்றல்ல, நான்கைந்து. முழுக்க முறுக்கிய ஸ்பிரிங் அதிகமாகத் தள்ளும், அவிழ அவிழ இளைக்கும், அதன் குணம் அது. கப்பலில் வைத்திருந்த குரோனோமீட்டர் என்ற துல்லியக் கடிகாரங்களில் இதற்காகவே கூம்பு வடிவக் கப்பியில் சங்கிலி சுற்றி வைத்தார்கள். ஸ்பிரிங் பலமாக இருக்கும்போது சங்கிலி கப்பியின் சிறிய விட்டத்தில் இழுக்கும், இளைத்ததும் பெரிய விட்டத்துக்கு இறங்கிவிடும். அழகான வேலை, ஆனால் என்ஜினுக்குள் அதற்கு இடம் எங்கே? சுலபமானது, மேல் சுற்று ஒன்றையும் கீழ் சுற்று ஒன்றையும் பயன்படுத்தாமல் நடுச்சுற்றுகளை மட்டும் விடும்படி ஒரு தடுப்பு வைப்பது. தூரம் கொஞ்சம் குறைந்தாலும் நடை சீராகிவிடும்.

ஆனாலும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இல்லாமல் தோட்டத்தில் விடாதீர்கள், ஏனென்றால் எங்கேயாவது ஒரு இறக்கம் இருக்கத்தான் செய்யும். கிராமபோன் மோட்டாரில் நான் சொன்ன வேறொரு பொருள் இதுதான்: மெல்லிய பட்டைகளில் தொங்கும் மூன்று எடைகள், வேகம் கூடினால் வெளியே விரிந்து ஒரு தட்டை இழுக்கும், தட்டு ஒரு தோல் துண்டிலோ கம்பளித் துண்டிலோ உரசி வேகத்தைப் பிடிக்கும். குறித்த வேகம் வரும்வரை அது சும்மா இருக்கும் என்பதுதான் இதில் விசேஷம், வீண் செலவு கிடையாது. காற்றை வெட்டும் இரண்டு தகடு வைத்த விசிறியும் வேலை செய்யும், செய்வதும் எளிது. ஆனால் அது எல்லா வேகத்திலும் கொஞ்சம் தின்றுகொண்டே இருக்கும், சத்தமும் போடும். எனக்கு எடைக் கவர்னர்தான் பிடிக்கும்.

எந்த வேகத்துக்கு வைப்பது? 1:19 அளவில், அதாவது நிஜ ரயிலில் பத்தொன்பதில் ஒரு பங்கு மாதிரியில், மணிக்கு 25 கி.மீ. என்பது நொடிக்கு 37 செ.மீ. அருகில் நடந்தால் நாம் வண்டியை முந்திவிடுவோம். அதுதான் பார்க்க நிஜ ரயில் மாதிரி இருக்கும்.

கேள்வி: என்ஜினில் ஈயம் வைத்து எடையைக் கூட்டினால் இழுவை கூடுமாமே?

பதில்: நீராவி என்ஜின்காரர்கள் சொல்லியிருப்பார்கள், அவர்களுக்கு அது சரி. சாவி என்ஜினுக்கு ஒரு கிலோவே கிட்டத்தட்ட 2 நியூட்டன் வரை வழுக்காமல் பிடிக்கும், உங்களுக்குத் தேவையோ ஒன்றுக்கும் கீழே. சக்கரம் வழுக்கினால் மட்டும் எடை சேருங்கள். வழுக்காத என்ஜினில் வைக்கும் ஈயமும் பெட்டிதான், பயணி இல்லாத பெட்டி.

கேள்வி: இத்தனை கஷ்டத்துக்கு ஒரு பேட்டரி போட்டுவிடலாமே?

பதில்: போடலாம். ஒரு சாதாரண அல்கலைன் ஏஏ செல்லில் சுமார் 9,000 ஜூல் இருக்கிறது, நம் ஸ்பிரிங்கில் 11. கணக்கில் நாம் தோற்றாயிற்று, அப்புறம் என்ன, ஜாலியாகச் செய்வோம்.

கேள்வி: 32 மி.மீ., 45 மி.மீ. – எதில் ஆரம்பிப்பது? எந்த மாதிரி என்ஜின்?

பதில்: 32 மி.மீ. 1:19 அளவில் இரண்டடி அகலக் குறும்பாதை ஆகும், 45 மி.மீ. 1:22.5 அளவில் மீட்டர் பாதை ஆகும். ஓட்டத்துக்குப் பெரிய வித்தியாசம் இல்லை, கூட விளையாடுபவர்களிடம் எது இருக்கிறதோ அதையே போடுங்கள். என்ஜின் மட்டும் இரண்டு பக்கமும் தண்ணீர்த் தொட்டி வைத்த குட்டி டேங்க் என்ஜினாக இருக்கட்டும். 60 பல் சக்கரமும் டிரம்மும் பாய்லருக்குள் அடங்காது, தொட்டிக்குள் ஒளித்துவிடலாம். வளைவுகளை இடம் இருக்கும் அளவுக்கு விரித்துப் போடுங்கள், ஒன்றரை மீட்டர் ஆரம் கிடைத்தால் நல்லது.

சாவித் துளை எந்தப் பக்கம் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள், நீங்கள் நின்று விளையாடும் பக்கத்தில். ஒவ்வொரு முறையும் என்ஜினைத் தாண்டிக் குனிந்து சாவி கொடுப்பது முதுகுக்கு ஆகாது.

கேள்வி: ஸ்டேஷனில் வண்டி தானாக நிற்க வேண்டும். கையால் பிடித்து நிறுத்தினால் பெட்டிகள் இடிக்கின்றன. – ஒரு பள்ளி ஆசிரியை

பதில்: இதற்கு நூறு வருடப் பழைய விடை இருக்கிறது அம்மா. 1920-இல் ஹார்ன்பி சாவி ரயில்களை விற்க ஆரம்பித்தார்கள். அந்த வகை ரயில்களுக்கென்றே தண்டவாளத்தின் நடுவில் தூக்கி இறக்கும் சின்ன மேடு வைத்த துண்டுகள் வந்தன. என்ஜினின் அடியில் தொங்கும் நெம்புகோல் அதில் இடித்ததும் பிரேக் விழும். நீங்களும் அதையே செய்யலாம், பிரேக்கை மட்டும் அச்சில் போடாமல் கவர்னர் தண்டில் போடுங்கள். அங்கே விசை குறைவு, ஒரு தோல் துண்டு தொட்டாலே போதும், நிற்பதும் மெத்தென்று நிற்கும்.

இன்னொன்று, ஸ்பிரிங் தீரும்போது வண்டி ஓட்டத்தில் இருந்தால் பெட்டிகளின் வேகம் ஸ்பிரிங்கைத் தலைகீழாகத் திருகப் பார்க்கும், நடுத்தண்டின் கொக்கியிலிருந்து ஸ்பிரிங் கழன்றுவிடும். சைக்கிளில் உள்ளது போன்ற ஃப்ரீவீல் ராட்செட் ஒன்றைக் கடைசிக் கியருக்கு முன்னால் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை, வண்டி இரண்டு மீட்டர் உருண்டு போய்த் தானாக நிற்கும். ஆனால் இறக்கத்தில் கவர்னர் வண்டியைப் பிடிக்காது, அதையும் நினைவில் வையுங்கள். இறக்கம் உள்ள பாதையில் ஃப்ரீவீலை விட்டுவிட்டு, கொக்கியை ஆழமாக வெட்டுவதே மேல்.

கேள்வி: மழைக்காலத்தில் என்ன செய்வது? எண்ணெய் எவ்வளவு?

பதில்: ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று உரசும், அதற்கு கிராஃபைட் கலந்த கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும். தண்டு முனைகளுக்கு ஊசி முனையில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். பற்களில் எண்ணெய் வேண்டவே வேண்டாம், தோட்டத்து மணல் அதில் ஒட்டி அரைக்கும் பசையாகிவிடும். விளையாடி முடித்ததும் என்ஜினைத் தூக்கிப் பிடித்து, சக்கரத்தை விரலால் தடவி வேகத்தைக் குறைத்தபடியே ஸ்பிரிங்கை முழுக்க அவிழவிட்டு, துடைத்து, உள்ளே வையுங்கள். தண்டவாளத்தை வெளியிலேயே விடலாம், கறுத்தாலும் கவலையில்லை, அதில் மின்சாரம் ஓடப்போவதில்லை. எறும்பு மட்டும் ஸ்லீப்பர் கட்டைக்கு அடியில் மண்ணைத் தள்ளிவிட்டுப் போகும், மழை விட்டதும் ஒரு பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, அப்புறம் சாவி கொடுங்கள்.